குறட்டைக்கு அறுவை சிகிச்சை: பல ஆண்டு கழித்து நோயாளிகள் என்ன சொல்கிறார்கள்?

ஜோர்ஜ்டவுன் – காலை ஏழு மணிக்குப் பினாங்குப் பாலத்தில் வாகனங்கள் ஊர்ந்து கொண்டிருக்கும். பிறையிலிருந்தும் புக்கிட் மெர்தாஜாமிலிருந்தும் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்குப் போகிற தொழிற்சாலை பஸ்கள், லோரிகள், கார்கள். அந்த நெரிசலில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சில விநாடி கண் சொக்கிப் போகிறவர்கள் உண்டு. இரவு எட்டு மணி நேரம் படுத்திருந்தும் ஏன் இப்படித் தூக்கம் தள்ளுகிறது என்பது அவர்களுக்கே புரிவதில்லை.

காரணம் தெரிந்தவர் பெரும்பாலும் வீட்டில் இருப்பார். "என்னங்க, ராத்திரி உங்களுக்கு மூச்சே நின்னு போச்சு. நான்தான் உலுக்கி எழுப்பினேன்" என்று மனைவி சொன்னால், "சும்மா இரு, அசதியில குறட்டை விட்டிருப்பேன்" என்று பேச்சை முடித்துவிடுவார் கணவர். நிபோங் திபால் பக்கத்துத் தோட்ட வீடானாலும், ஜெலுத்தோங் அடுக்குமாடி வீடானாலும் இந்தப் பேச்சு ஒன்றுதான். நம்மவர்களுக்குக் குறட்டை என்பது கேலிக்குரிய விஷயம். நல்ல தூக்கத்தின் அடையாளம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள்.

எல்லாக் குறட்டையும் நோயல்ல. ஆனால் குறட்டை திடீரென்று நின்று, வீடே அமைதியாகி, பிறகு மூச்சுத் திணறுவது போன்ற பெரிய சத்தத்தோடு மறுபடியும் தொடங்கினால் அது 'ஸ்லீப் எப்னியா' எனப்படும் தூக்க மூச்சடைப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். இதற்கு அறுவை சிகிச்சை உண்டு என்பது பலருக்குத் தெரியும். அதைச் செய்துகொண்டவர்கள் ஐந்து, எட்டு ஆண்டுகள் கழித்து எப்படி இருக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. அறுவைக்கு முன்பு கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி அதுதான்.

தொண்டையில் நடப்பது என்ன?

விழித்திருக்கும்போது தொண்டைத் தசைகள் விறைப்பாக நின்று மூச்சுப்பாதையைத் திறந்து வைத்திருக்கின்றன. தூங்கியதும் அவை தளர்ந்துவிடும். கழுத்தில் கொழுப்பு சேர்ந்தவர்களுக்கும், டான்சில் சதை பெரிதாக உள்ளவர்களுக்கும், கீழ்த்தாடை சிறிதாகவோ உள்வாங்கியோ இருப்பவர்களுக்கும் ஏற்கெனவே பாதை குறுகல். தசை தளர்ந்ததும் நாக்கின் அடிப்பகுதியும் மேல் அண்ணத்தின் பின்பகுதியும் சரிந்து அந்தக் கொஞ்ச இடத்தையும் அடைத்துவிடுகின்றன. நெஞ்சு மூச்சை இழுக்கிறது, காற்று உள்ளே போவதில்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது. மூளை பதறிப்போய் ஒரு கணம் ஆளை எழுப்புகிறது. பாதை திறக்கிறது, மூச்சு வருகிறது, மறுபடியும் தூக்கம். எழுந்தது எதுவும் காலையில் நினைவில் இருக்காது.

பத்து விநாடிக்குக் குறையாமல் மூச்சு நின்றாலோ வெகுவாகக் குறைந்தாலோ அதை ஒரு தடவையாகக் கணக்கிடுவார்கள். மணிக்கு எத்தனை தடவை என்ற எண்ணுக்கு ஏ.எச்.ஐ. என்று பெயர். 5-க்குக் கீழே இருந்தால் பெரியவர்களுக்குப் பயமில்லை. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-ஐத் தாண்டினால் கடுமையானது. 30 என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை அடைப்பு. இரவு முழுக்க ஒருவரை இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் தட்டி எழுப்பிக்கொண்டே இருந்தால் காலையில் அவர் எப்படி இருப்பாரோ, அப்படித்தான் இந்த நோயாளிகள் எழுகிறார்கள்.

பகல் தூக்கம் மட்டும்தான் பிரச்சினை என்றால்கூடச் சமாளித்துவிடலாம். ஒவ்வோர் அடைப்பிலும் இரத்த அழுத்தம் எகிறுகிறது. உயர் இரத்த அழுத்தம், இருதய நோய், பக்கவாதம் ஆகியவற்றோடு இந்த நோய் கைகோத்து வருவது நெடுநாளாகத் தெரிந்த செய்தி. தமிழில் 'பாடும் வானம்பாடி' படத்துக்கும் இசையமைத்த பப்பி லஹிரி 2022 பிப்ரவரியில் மும்பையில் தமது 69-ஆவது வயதில் காலமானபோது, தூக்க மூச்சடைப்பே காரணம் என்று மருத்துவமனைத் தரப்பில் தெரிவித்தார்கள். அதன் பிறகுதான் இந்தப் பெயரையே கேள்விப்பட்டோம் என்று சொன்னவர்கள் அதிகம்.

மலேசியாவில் இது அரிதான நோயல்ல. 30 முதல் 70 வயது வரையுள்ள மலேசியர்களிடம் நடத்தி 2007-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில் ஏறக்குறைய பாதிப் பேர் குறட்டை விடுவதாகத் தெரிந்தது. சுமார் 15 விழுக்காட்டினருக்குத் தூக்கத்தில் மூச்சு நிற்பது வீட்டாரால் கவனிக்கப்பட்டிருந்தது. 2019-ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் பாதிப் பேர் கூடுதல் எடையோ உடல் பருமனோ கொண்டவர்கள். அதே ஆய்வில் இந்தியர்களிடையே நீரிழிவு 31.4 விழுக்காடு, எல்லா இனங்களிலும் அதுவே அதிகம். நீரிழிவு, பருமன், இரத்த அழுத்தம் மூன்றும் உள்ளவரின் குறட்டையைக் கேலி பேசிவிட்டுப் போக முடியாது.

முகமூடி முதலில், கத்தி பிறகு

முதல் சிகிச்சை அறுவை அல்ல. 'சி-பேப்' என்ற இயந்திரம்தான் முதலிடத்தில் இருக்கிறது. சிட்னியைச் சேர்ந்த மருத்துவர் கொலின் சலிவன் 1981-இல் அறிமுகப்படுத்தினார். மூக்கில் ஒரு முகமூடி, அதிலிருந்து ஒரு குழாய், கட்டில் பக்கத்தில் ஒரு சிறு பெட்டி. பெட்டி அனுப்புகிற காற்றின் அழுத்தம் தொண்டையை அடையவிடாமல் தாங்கிப் பிடிக்கிறது. ஒழுங்காகப் போட்டுக்கொண்டால் ஏ.எச்.ஐ.யைக் குறைப்பதில் இதை மிஞ்ச எதுவும் இல்லை.

'ஒழுங்காகப் போட்டுக்கொண்டால்' என்பதில்தான் சிக்கல். இயந்திரத்தின் விலை சில ஆயிரம் வெள்ளி. பணம் கொடுத்து வாங்கியவர்களிலும் பலர் சில மாதங்களில் அதை அலமாரிக்குள் வைத்துவிடுகிறார்கள். புழுக்கமான அறையில் முகம் வியர்க்கிறது, மூக்கு காய்கிறது, குழாய் கழுத்தைச் சுற்றுகிறது, பேரப்பிள்ளைகள் 'தாத்தா யானை' என்று சிரிக்கிறார்கள். இரவுக்கு நான்கு மணி நேரமாவது போட்டிருந்தால்தான் 'பயன்படுத்துகிறார்' என்று மருத்துவர்கள் கணக்கில் சேர்ப்பார்கள். அந்தக் குறைந்தபட்ச அளவையே எட்டாதவர்கள் எல்லா நாட்டிலும் ஏராளம். முகமூடி ஒத்துவராதவர்களுக்குத்தான் அறுவை சிகிச்சை பற்றிய பேச்சு வருகிறது.

அறுவையின் கதை தொண்டைக்கு வெளியே தொடங்கியது. 1969-இல் ஜெர்மனியில் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். அடைப்பு இருக்கும் இடத்தைத் தாண்டியே காற்று உள்ளே போய்விடுவதால் நோய் போனது. ஆனால் கழுத்தில் ஓட்டையோடு வாழ யார் விரும்புவார்? 1981-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஷிரோ ஃபுஜித்தா என்ற மருத்துவரும் அவரது குழுவினரும் வேறு வழியை எழுதி வெளியிட்டார்கள். டான்சில், உள்நாக்கு, மேல் அண்ணத்தின் பின் ஓரம் ஆகியவற்றைக் கத்தரித்துத் தைத்துப் பாதையை அகலமாக்குவது. பல ஆண்டுகள் உலகம் முழுவதும் குறட்டை அறுவை என்றால் இதுதான் என்றிருந்தது.

1996-இல் அதுவரை வந்த முடிவுகளையெல்லாம் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தபோது வெற்றி ஏறக்குறைய 40 விழுக்காடுதான் என்று தெரிந்தது. ஏ.எச்.ஐ. பாதியாகக் குறைந்து 20-க்குக் கீழே வந்தால் வெற்றி என்பது அன்றைய அளவுகோல். அது தாராளமான அளவுகோல்தான். 60-இல் இருந்தவர் 19-க்கு வந்தாலும் 'வெற்றி'; ஆனால் அவருக்கு நடுத்தர நோய் இன்னும் இருக்கிறது.

அதற்குப் பிறகு அறுவை முறை மாறியது. சதையை வெட்டி எறிவதைவிட, இருக்கிற தசையை இடம் மாற்றி இழுத்துக் கட்டுவது மேல் என்ற எண்ணம் வந்தது. இந்த மாற்றத்தில் பக்கத்து நாட்டுக்கும் பங்கு உண்டு. சிங்கப்பூரின் டான் டொக் செங் மருத்துவமனையில் கென்னி பாங், அமெரிக்க மருத்துவர் டக்கர் வூட்சனுடன் சேர்ந்து 2007-இல் வெளியிட்ட முறை, தொண்டையின் பக்கச் சுவர் உள்ளே சரியாதபடி அங்குள்ள தசையைத் திருப்பித் தைக்கிறது. அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்தது 45 நோயாளிகளை மட்டுமே. ஆயினும் பழைய முறையைவிட இதன் பலன் கூடுதல் என்று தெரிந்ததால் பல நாட்டு மருத்துவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

இயந்திரம் சொல்வதும் ஆள் சொல்வதும்

ஏ.எச்.ஐ. என்பது இயந்திரம் சொல்கிற எண். நோயாளிக்கு அந்த எண் பெரிதல்ல. அவருக்கு வேண்டியது காலையில் தெளிவாக எழ வேண்டும், வண்டி ஓட்டும்போது தூங்கக் கூடாது, மனைவி வேறு அறைக்குப் போகக் கூடாது, எரிச்சல் குறைய வேண்டும். இவற்றை அளக்க வினாப்படிவங்கள் இருக்கின்றன. அதிகமாகப் பயன்படுவது மெல்பர்னில் உள்ள எப்வொர்த் மருத்துவமனையைச் சேர்ந்த மரே ஜோன்ஸ் 1991-இல் உருவாக்கியது. எட்டுச் சூழ்நிலைகள்: புத்தகம் படிக்கும்போது, தொலைக்காட்சி பார்க்கும்போது, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அமர்ந்திருக்கும்போது என்று போய், நெரிசலில் கார் சில நிமிடம் நிற்கும்போது தூங்கிவிடுவீர்களா என்பது வரை கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 24. பத்தைத் தாண்டினால் பகல் தூக்கம் அளவுக்கு மீறியது.

ஆஸ்திரேலியாவில் ஆறு மையங்களில் 102 பேரை வைத்து நடந்து 2020-இல் வெளியான ஆய்வு இந்த இரண்டையும் சேர்த்துக் காட்டியது. முகமூடி ஒத்துவராதவர்களில் ஒரு பாதிக்கு அண்ணத்திலும் நாக்கிலும் அறுவை. மறு பாதிக்கு எடைக் குறைப்பு, படுக்கும் முறை போன்ற மருத்துவ ஆலோசனைகள். ஆறு மாதம் கழித்து, அறுவை செய்தவர்களின் ஏ.எச்.ஐ. சராசரியாக 47.9-இலிருந்து 20.8-க்கு இறங்கியது. தூக்க மதிப்பெண் 12.4-இலிருந்து 5.3-க்கு வந்தது. மற்றவர்களுக்குத் தூக்க மதிப்பெண்ணில் பெரிய மாற்றமில்லை: 11.1, 10.5.

இதில் ஊன்றிப் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. ஆள் சொன்னபடி பார்த்தால் அவர் ஏறக்குறைய நலமான மனிதர்; 5.3 என்பது நோயற்றவரின் மதிப்பெண். இயந்திரம் சொன்னபடி பார்த்தால் அவருக்கு நடுத்தர நோய் இன்னும் மிச்சம். இரண்டும் உண்மைதான்.

இந்த முரண் அறுவை செய்தவர்களிடம் மட்டும் காணப்படுவதல்ல. 2004-இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு, தூக்கப் பரிசோதனை காட்டும் எண்ணுக்கும் நோயாளி சொல்லும் அவதிக்கும் அவ்வளவாகத் தொடர்பில்லை என்று சொன்னது. 20 உள்ள ஒருவர் பகலெல்லாம் ஆடி விழுவார். 50 உள்ள இன்னொருவர் 'எனக்கென்ன குறை' என்று வேலைக்குப் போவார். மூக்கின் நடு எலும்பைச் சரிசெய்யும் அறுவையில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். மூக்கு திறந்துகொண்டதும் நோயாளி நன்றாகத் தூங்குவதாகச் சொல்வார், மகிழ்ச்சியாக இருப்பார். ஏ.எச்.ஐ. பெரும்பாலும் இருந்த இடத்தைவிட்டு நகர்ந்திருக்காது. அதற்காக அந்த அறுவை வீண் என்று சொல்லிவிட முடியாது. மூக்கு திறந்தவர்களுக்கு முகமூடியைத் தாங்குவது எளிதாகிறது.

ஐந்து, எட்டு ஆண்டுகள் கழித்து

ஆறு மாதக் கணக்கு பரவாயில்லை. ஆண்டுகள் போனால்?

சுவீடனில் ஸ்டாக்ஹோம் கரோலின்ஸ்கா மருத்துவர்கள் 65 பேரைச் சீட்டுக் குலுக்குவது போல் இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு உடனே அறுவை, மற்றொரு பிரிவு காத்திருந்தது. 2013-இல் வந்த முடிவின்படி ஆறு மாதத்தில் அறுவைப் பிரிவின் ஏ.எச்.ஐ. 53.3-இலிருந்து 21.1-க்குக் குறைந்தது, காத்திருந்தவர்களுக்கு 52.6, 46.8. இவர்களை எட்டு ஆண்டு கழித்தும் தேடிப் பிடித்துச் சோதித்தார்கள். அறுவைக்குப் பின் இறங்கிய எண் ஆண்டுகள் போகப் போக ஓரளவு மேலே ஏறியிருந்தது. ஆனால் அறுவைக்கு முந்திய நிலைக்குத் திரும்பவில்லை. பகல் தூக்கம் குறைந்தது குறைந்தபடியே இருந்தது.

தாடையை முன்னுக்குத் தள்ளும் அறுவை இன்னும் பெரியது. மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் வெட்டி, சுமார் ஒரு சென்டிமீட்டர் முன்னால் நகர்த்தி, தகடும் திருகும் வைத்து நிறுத்துவார்கள். இதில் வெற்றி 85 விழுக்காட்டை ஒட்டி இருப்பதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் 2016-இல் எழுதினார்கள். பல ஆண்டு கழித்துக் கேட்டபோதும் பெரும்பாலோர் பகல் தூக்கம் திரும்பவில்லை என்றே சொன்னார்கள். விலையும் உண்டு: கீழுதட்டிலும் முகவாயிலும் மரத்துப்போன உணர்வு பலருக்கு நீடிக்கிறது, முகத்தோற்றம் சற்று மாறுகிறது, கடிக்கும் பல் வரிசையைச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

மூன்றாவது வகை, நாக்கை அசைக்கும் நரம்புக்கு மின்தூண்டல் கொடுக்கும் கருவி. இருதயத்துக்குப் 'பேஸ்மேக்கர்' வைப்பது போல் நெஞ்சுத் தோலுக்கு அடியில் வைப்பார்கள். 126 பேருக்குப் பொருத்திய ஆய்வு 2014-இல் வெளிவந்தது. ஐந்தாம் ஆண்டு முடிவில் தூக்க மதிப்பெண்ணின் நடு அளவு 11-இலிருந்து 6-க்கு வந்து அங்கேயே நின்றது. படுக்கையில் பக்கத்தில் இருப்பவரையும் கேட்டார்கள்: குறட்டை இல்லை அல்லது மெல்லியதுதான் என்று சொன்னவர்கள் முன்பு 17 விழுக்காடு, சில ஆண்டு கழித்து 85 விழுக்காடு. இந்தக் கருவியின் விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாதது என்பதால் இதைப் பற்றி இங்கே அதிகம் பேசிப் பயனில்லை.

நல்ல செய்தியோடு நிறுத்திவிட முடியாது. 2009-இல் சுவீடன் மருத்துவர்கள் உலக அளவிலான ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, அண்ணத்தில் பழைய முறையில் அறுவை செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் நிரந்தரத் தொந்தரவு ஏதாவது ஒன்றைச் சொன்னார்கள். விழுங்கச் சிரமம், தொண்டையில் ஏதோ உருண்டை சிக்கியது போன்ற உணர்வு, குரல் மாற்றம். சிலருக்குத் தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வரும். தேவாரம் பாடுபவர், ஆசிரியர், சந்தையில் கூவி விற்பவர் ஆகியோர் குரல் மாற்றம் பற்றி முன்கூட்டியே பேசிவிடுவது அவசியம். புதிய முறைகளில் தொந்தரவு குறைவு. இல்லவே இல்லை என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். அறுவை முடிந்த முதல் இரண்டு வாரத் தொண்டை வலி, டான்சில் எடுத்த பெரியவர்களைக் கேட்டால் தெரியும். கஞ்சிகூட முள்ளாக இறங்கும்.

சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

'நான் நன்றாக இருக்கிறேன்' என்று நோயாளி சொல்வது பெரிய விஷயம். அதற்காகத்தானே கத்திக்குக் கழுத்தைக் கொடுத்தார். ஆனால் பல ஆண்டு கழித்துச் சொல்லும் பதிலில் வேறு சிலவும் கலந்திருக்கும்.

ஐந்தாண்டு கழித்துக் கடிதம் போட்டால் எல்லோரும் வருவதில்லை. பலன் கண்டவர் நன்றியோடு வருவார். பலன் காணாதவர் வேறு மருத்துவரிடம் போயிருப்பார். அதனால் பதிலில் மகிழ்ச்சி கொஞ்சம் தூக்கலாகத் தெரியும். அடுத்தது மறதி. அறுவைக்கு முன்பு எப்படி இருந்தோம் என்பது எட்டு ஆண்டில் மங்கிவிடும். நோய் மெதுவாகத் திரும்பினால் அதுவும் தெரியாது. ஆண்டுக்கு ஒரு பிடி அசதி கூடினால் 'வயசாயிடுச்சு' என்று எடுத்துக்கொள்வது நம் பழக்கம்.

லோரி, பஸ் ஓட்டுநர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. லைசென்ஸ் போய்விடுமோ, வேலை போய்விடுமோ என்ற பயத்தில் 'தூக்கமா? எனக்கா?' என்று எல்லாக் கேள்விக்கும் பூஜ்யம் போட்டுக் கொடுப்பார்கள். அவர்களது பயம் நியாயமானதுதான். வீட்டுக் கடனும் பிள்ளைகளின் படிப்பும் அந்த ஸ்டியரிங்கில்தான் ஓடுகின்றன. ஆயினும் அந்தப் பூஜ்யத்தை வைத்துக்கொண்டு மருத்துவரால் எந்த உதவியும் செய்ய முடியாது. சிகிச்சை பெற்று நோயைக் கட்டுக்குள் வைத்திருக்கும் ஓட்டுநரைவிட, மறைத்து ஓட்டுகிறவருக்குத்தான் ஆபத்து அதிகம்.

எல்லாவற்றிலும் பெரிய ஏமாற்று குறட்டைச் சத்தத்தில் இருக்கிறது. சத்தம் எழுப்புவது ஆடுகிற அண்ணச் சதை. அதை வெட்டிவிட்டால் சத்தம் போய்விடும். ஆனால் நாக்கின் அடிப்பகுதியில் அடைப்பு இருந்தால் மூச்சு நிற்பது நிற்காது. வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்குகிறார்கள், நோயாளியும் 'குறட்டை போச்சு' என்று சொல்கிறார், உள்ளே ஆக்சிஜன் இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது. எச்சரிக்கை மணியை மட்டும் கழற்றிவிட்ட கதை. இதனால்தான் வெறும் குறட்டைக்கு என்று அறுவை செய்ய வருபவரிடமும் முதலில் தூக்கப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். அறுவைக்குச் சில மாதம் கழித்து மறுபடியும் செய்யச் சொல்கிறார்கள். முதலாவதைச் செய்பவர்கள் பலர். இரண்டாவதற்கு வருபவர்கள் குறைவு.

நோய் திரும்புவதில் எடைக்குப் பெரும் பங்கு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பொதுமக்களைப் பல ஆண்டு தொடர்ந்து கவனித்தவர்கள் 2000-இல் வெளியிட்ட கணக்கு இது: எடை 10 விழுக்காடு கூடினால் ஏ.எச்.ஐ. சுமார் 32 விழுக்காடு கூடும். 10 விழுக்காடு குறைந்தால் சுமார் 26 விழுக்காடு குறையும். 80 கிலோ உள்ளவருக்கு 8 கிலோ. இரவு பத்து மணிக்கு மேல் நாசி கண்டாரும் தே தாரிக்கும் உள்ள ஊரில் எட்டு கிலோ ஏற இரண்டு ஆண்டு போதும். அறுவை மருத்துவர் அகலமாக்கிக் கொடுத்த இடத்தைக் கொழுப்பு மறுபடியும் வந்து நிரப்பிவிடும். தசை தளர்வது வயதோடு வருவது. அதைத் தடுக்க முடியாது. எடை கையில் இருப்பது. 2024 டிசம்பரில் அமெரிக்கா, பருமனோடு இந்த நோய் உள்ளவர்களுக்கு 'திர்செபடைட்' என்ற எடைக் குறைப்பு ஊசி மருந்தை அனுமதித்ததும் இந்தத் தொடர்பை வைத்துத்தான்.

பிள்ளைகளின் கணக்கு வேறு

பெரியவர்களுக்குச் சொன்னதைப் பிள்ளைகளுக்கு அப்படியே பொருத்தக் கூடாது. வாயைத் திறந்து தூங்கும், குறட்டை விடும், இரவில் வியர்க்கும், படுக்கையை நனைக்கும், பள்ளியில் ஓரிடத்தில் உட்காராத பிள்ளைக்குப் பெரும்பாலும் டான்சிலும் மூக்கின் பின்னால் உள்ள அடினாய்டு சதையும் பெருத்திருக்கும். பெரியவர் தூக்கம் கெட்டால் ஆடி விழுவார். பிள்ளை தூக்கம் கெட்டால் துறுதுறுவென்று ஓடும். தமிழ்ப்பள்ளி ஆசிரியர் 'சேட்டை அதிகம்' என்று சொல்லும் பிள்ளைகளில் சிலருக்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

அமெரிக்காவில் 5 முதல் 9 வயது வரையுள்ள 464 பிள்ளைகளிடம் நடத்தி 2013-இல் வெளியான ஆய்வில், டான்சில், அடினாய்டு எடுத்தவர்களில் 79 விழுக்காட்டினருக்கு ஏழு மாதத்தில் பரிசோதனை எண் சாதாரண நிலைக்கு வந்தது. அறுவை செய்யாமல் காத்திருந்தவர்களிலும் 46 விழுக்காட்டினருக்குத் தானாகவே சரியானது. கவனத்தையும் திட்டமிடும் திறனையும் சோதித்த தேர்வில் இரு பிரிவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் பெற்றோரைக் கேட்டபோது நடத்தை, தூக்கம், அன்றாட வாழ்க்கை மூன்றிலும் அறுவை செய்த பிள்ளைகள் தெளிவாக மேலே இருந்தார்கள். லேசான நோய் என்றால் சில மாதம் பொறுத்துப் பார்ப்பதில் தவறில்லை என்பதற்கும், அறுவை செய்தால் வீட்டில் மாற்றம் தெரியும் என்பதற்கும் இந்த ஒரே ஆய்வில் ஆதாரம் இருக்கிறது. பருமனான பிள்ளைகளுக்குப் பலன் குறைவு.

பினாங்கில் தொடங்க வேண்டிய இடம்

தீவிலோ செபராங் பிறையிலோ உள்ள அரசாங்க சுகாதார கிளினிக்கில் ஒரு வெள்ளியோடு தொடங்கலாம். அங்கிருந்து கடிதம் வாங்கினால் ஜோர்ஜ்டவுன் ஜாலான் ரெசிடென்சியில் உள்ள பினாங்கு மருத்துவமனை போன்ற அரசாங்க மருத்துவமனைகளின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்குப் போகலாம். நிபுணரைப் பார்க்கக் குடிமக்களுக்குக் கட்டணம் ஐந்து வெள்ளி. தனியார் மருத்துவமனைகளிலும் இந்தப் பிரிவு உண்டு. காத்திருப்பு அங்கே குறைவு, செலவு பல மடங்கு.

போகும்போது மனைவியையோ, அறையில் உடன் தூங்குகிறவரையோ அழைத்துப் போவது நல்லது. நோயாளிக்குத் தெரியாததை அவர்தான் சொல்வார். கைத்தொலைபேசியில் ஐந்து நிமிடக் குறட்டையைப் பதிவு செய்துகொண்டு போனால் மருத்துவரின் வேலை பாதி குறைந்துவிடும். கழுத்துச் சுற்றளவு ஆண்களுக்கு 17 அங்குலத்தைத் தாண்டினால் அதையும் சொல்லலாம். சட்டை தைக்கும் தையற்காரருக்கு அந்த எண் தெரிந்திருக்கும்.

இரவு ஷிப்ட் வேலை செய்பவர்களும், விடியுமுன் எழுந்து செம்பனைத் தோட்டத்துக்கோ பால் மரம் வெட்டவோ போகிறவர்களும் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஐந்து மணி நேரம் மட்டுமே தூங்கினால் யாருக்கும் பகலில் தூக்கம் வரும். அதற்கு அறுவை மருந்தல்ல. விடுமுறை நாளில் எட்டு மணி நேரம் தூங்கிய பிறகும் அசதி இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

அறுவை என்று முடிவானால், அடைப்பு எந்த இடத்தில் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதைக் கேட்கலாம். மயக்க மருந்து கொடுத்துத் தூங்கவைத்து, மூக்கு வழியாகச் சிறு கேமராவை விட்டுத் தொண்டை எங்கே சரிகிறது என்று பார்க்கும் முறை 1991-லிருந்தே இருக்கிறது. டான்சில் பெரிதாக, நாக்கு தாழ்வாக, எடை மிதமாக உள்ளவர்களுக்கு அண்ண அறுவையில் பலன் கிடைக்கும் வாய்ப்பு மிக அதிகம். டான்சிலே தெரியாமல், நாக்கு பெரிதாகத் தொண்டையை மறைத்துக்கொண்டிருப்பவருக்கு அதே அறுவையில் வாய்ப்பு மிகக் குறைவு. பத்தில் ஒருவருக்குக்கூடத் தேறவில்லை என்று 2002-இல் சிகாகோ மருத்துவர் மைக்கேல் ஃபிரீட்மன் தம் நோயாளிகளை வகைப்படுத்திக் காட்டினார். தமக்குச் செய்யப்போவது எந்த வகை என்று தெரியாமலே கையெழுத்துப் போடுகிறவர்கள் பிறகு 'ஆப்ரேஷனே வேஸ்ட்' என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள்.

அறுவைக்குப் பிறகு முகமூடி தேவைப்படாது என்ற உறுதியை யாராலும் தர முடியாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அண்ணத்தை அளவுக்கு மீறி வெட்டிவிட்டால் பின்னாளில் முகமூடி போடும்போது காற்று வாய் வழியாகக் கசியும். அதனால் இயந்திரம் வைத்திருப்பவர்கள் அறுவை முடிந்த கையோடு அதை விற்றுவிட வேண்டாம். மறுபரிசோதனை முடிவு வரட்டும். வேறு எந்த நோய்க்காக மயக்க மருந்து கொடுக்கப்போனாலும், தமக்குத் தூக்க மூச்சடைப்பு இருந்ததையும் அதற்கு அறுவை செய்ததையும் மயக்க மருந்து நிபுணரிடம் சொல்லிவிட வேண்டும்.

மறுபரிசோதனை ஆறு மாதத்தோடு முடிவதுமில்லை. எடை ஏறினாலோ, இரத்த அழுத்த மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டி வந்தாலோ, மனைவி மறுபடியும் 'மூச்சு நின்னுச்சுங்க' என்றாலோ இன்னொரு தடவை போக வேண்டும். அதற்கு வீட்டிலேயே ஓர் எளிய வழி உண்டு. அறுவைக்கு முன்பே அந்த எட்டுக் கேள்விகளுக்குப் பதில் எழுதி, தேதி போட்டு, மருத்துவ அட்டையோடு வைத்துக்கொள்வது. ஆண்டுக்கு ஒரு முறை, தைப்பூசமோ தீபாவளியோ முடிந்த வாரத்தில், பழைய தாளைப் பார்க்காமல் புதிதாக எழுதிப் பிறகு ஒப்பிடுவது. கூடவே வீட்டில் உள்ளவரும் தம் பதிலைத் தனியாக எழுத வேண்டும்.